உறுமுகிற மோட்டாரை அதற்குள் புதைக்க வேண்டாம்

கேள்வி: நான் ஈரோட்டில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. 2011இல் வாங்கிய இரட்டைத் தொட்டி வாஷிங் மெஷின் வீட்டில் இருக்கிறது. செமி ஆட்டோமேட்டிக், 6.5 கிலோ. இத்தனை ஆண்டுகளில் ஒரு முறை பெல்ட், ஒரு முறை தண்ணீர் வெளியேறும் குழாய் மாற்றியதைத் தவிரச் செலவே வைக்கவில்லை. போன மாதம் வீட்டில் விசேஷம் முடிந்து ஜமக்காளங்களைத் துவைத்த அன்று நின்றுவிட்டது. துவைக்கும் பக்கம் டைமரைத் திருப்பினால் 'ம்ம்ம்' என்று சத்தம் வருகிறது, சற்று நிற்கிறது, மறுபடியும் அதே அளவில் அதே சத்தம். உள்ளே இருக்கும் தட்டு அசைவதில்லை. பிழியும் பக்கம் நன்றாக ஓடுகிறது. வந்து பார்த்த மெக்கானிக் பின்பக்கத்தைத் திறக்காமலே, "மோட்டார் போய்விட்டது, 3,500 ரூபாய் ஆகும், இவ்வளவு பழைய மெஷினுக்கு அது வீண்" என்றார். மகன் எக்ஸ்சேஞ்சில் போட்டுவிட்டுப் புதிது வாங்கலாம் என்கிறான். பக்கத்து வீட்டுக்காரர் காயில் கட்டினால் போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? சில மாதங்களாக மெஷினுக்கு அடியில் ஈரம் தெரிகிறது. குழாய்க் கசிவு என்று விட்டுவிட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் என் மகள் வீட்டில் இருக்கும் முன்கதவு மெஷினுக்குக் 'கார்பன்' மாற்ற வேண்டும் என்கிறார்களாம். அது என்ன?

பதில்:

அன்புள்ள டீச்சர்,

வணக்கம். பின்பக்கத்தைத் திறக்காமலே மோட்டார் போய்விட்டது என்று சொன்னவர், நாடி பிடிக்காமல் நாள் குறித்தவர். அவர் சொன்னது கடைசியில் சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் அது அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. கடிதத்தில் நீங்கள் எழுதியிருக்கும் நான்கு விவரங்கள் அவர் பார்த்ததைவிட அதிகம் சொல்கின்றன: உறுமல் கேட்கிறது, அது விட்டுவிட்டு ஒரே அளவில் கேட்கிறது, ஜமக்காளம் துவைத்த அன்று நின்றது, அடியில் ஈரம். நான்காவதை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் உறுமல். நம் வீட்டு மின்சாரம் ஒற்றை ஃபேஸ். அதை ஒரே ஒரு காயிலில், அதாவது கம்பிச் சுருளில், மட்டும் கொடுத்தால் மோட்டார் தானாகக் கிளம்பாது. சைக்கிள் பெடல் நேர் உச்சியில் நிற்கும்போது அதன்மேல் ஏறி நின்றாலும் சக்கரம் நகராது. கொஞ்சம் முன்னால் தள்ளி மிதிக்க வேண்டும். மோட்டாருக்குள் அந்த முன்தள்ளலைத் தருவதற்காகவே இரண்டாவது காயில் ஒன்று இருக்கிறது. அதற்குப் போகும் மின்சாரத்தை ஒரு கண்டென்சர் வழியாக அனுப்பி, முதல் காயிலுக்கு அது காலத்தில் சற்று விலகி வரும்படி செய்கிறார்கள். கெப்பாசிட்டர் என்று சொல்வதும் இதைத்தான். கண்டென்சர் செத்துவிட்டால் மோட்டார் உச்சியில் நிற்கும் பெடலாகிவிடும். மின்சாரம் வருகிறது, இரும்பு அதிர்கிறது, சத்தம் கேட்கிறது, ஆனால் சுற்றாது. உங்கள் மெஷின் இப்போது செய்வது இதைப்போல்தான் இருக்கிறது.

இன்னொரு நுணுக்கம் உண்டு. துவைக்கும் மோட்டார் இரண்டு பக்கமும் மாறி மாறிச் சுற்ற வேண்டும். அதனால் அதன் இரண்டு காயில்களும் ஒரே அளவில் கட்டப்பட்டிருக்கும். டைமர் ஒரு முறை இந்தக் காயிலுக்கு நேரடியாக மின்சாரம் கொடுக்கும், மற்றதற்குக் கண்டென்சர் வழியாகப் போகும். அடுத்த முறை அப்படியே மாற்றிக் கொடுக்கும். இரண்டு உறுமலும் ஒரே அளவில் கேட்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு காயில் அறுந்திருந்தால் ஒரு பக்கச் சத்தம் பலமாகவும் மறுபக்கச் சத்தம் மெலிந்தும் இருக்கும் என்பது என் அனுபவம். ஆகவே டைமர் தன் வேலையை இரண்டு பக்கமும் செய்கிறது, இரண்டு காயில்களுக்கும் மின்சாரம் போகிறது என்றே நினைக்கிறேன். இது ஊகம்தான். ஆனால் மெஷினைத் திறக்காமலே தீர்ப்பு எழுதியவரின் ஊகத்தைவிடக் கொஞ்சம் மேல். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: இன்னும் ஒரு முறை கேட்டுப் பார்க்கலாமே என்று டைமரைத் திருப்ப வேண்டாம். சுற்ற முடியாமல் உறுமிக்கொண்டிருக்கும் மோட்டார் சில நிமிடங்களில் உண்மையிலேயே கருகிவிடும். இதுவரை பிழைத்திருந்தால், இனிமேலும் பிழைக்க வேண்டுமல்லவா?

இனி நீங்களோ உங்கள் மகனோ செய்யக்கூடியவை. பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைக் கையில் எடுத்துக் கண்ணால் பார்க்க வேண்டும். தரை காய்ந்திருக்கட்டும். துவைக்கும் தொட்டிக்குள் கைவிட்டு அந்தத் தட்டைத் திருப்பிப் பாருங்கள். மெக்கானிக்குகள் அதைப் பல்சேட்டர் என்பார்கள். மிதமான பிடிமானத்துடன், நெருடல் இல்லாமல் இரண்டு பக்கமும் திரும்ப வேண்டும். கல்லைப்போல் நின்றால் மோட்டாரைப் பற்றி இப்போதைக்குப் பேசவே வேண்டாம். தட்டின் நடுவில் ஒரு ஸ்க்ரூ இருக்கும். அதைக் கழற்றித் தட்டைத் தூக்கிப் பாருங்கள். நாணயம், ஊக்கு, சட்டைப் பட்டன், குழந்தையின் சாக்ஸ் என்று அதன் அடியிலிருந்து நான் எடுத்தவற்றைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு சிறிய கடை வைத்திருப்பேன். உங்கள் விஷயத்தில் எனக்குச் சந்தேகம் ஜமக்காளத்தின் குஞ்சத்தின் மீது. அந்த நூல் தட்டுக்கும் தொட்டிக்கும் இடையில் போய்த் தண்டில் சுற்றிக்கொண்டால் கயிறு கட்டியதுபோல் இறுக்கிவிடும். பிளேடால் வெட்டி எடுக்கலாம். அடியில் இருக்கும் ரப்பர் சீலில் மட்டும் பிளேடு படக்கூடாது.

தட்டு தாராளமாகத் திரும்பினால், அடுத்தது பின்பக்கத் தகட்டைத் திறப்பது. இதற்கு ஒரு நல்ல மெக்கானிக்கை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பக்கத்தில் நின்று பாருங்கள். எங்கள் தொழிலில் பக்கத்தில் நிற்பவர்களைப் பிடிக்காது என்பது உண்மைதான். ஆசிரியை நின்றால் இன்னும் பிடிக்காது. நில்லுங்கள்.

உள்ளே முதலில் பார்க்க வேண்டியது எலி. சிரிக்க வேண்டாம். இந்த வகை மெஷின்களின் அடிப்பாகம் பல வீடுகளில் திறந்தே கிடக்கும். மெஷின் வாங்கும்போது கொடுத்த தகட்டை யாரும் மாட்டியிருக்க மாட்டார்கள். எலிக்கு வயரின் மேலுறையும் பெல்ட்டும் நல்ல தீனி. கண்டென்சருக்குப் போகும் ஒரு வயரை எலி கடித்திருந்தாலும் உங்களுக்கு இதே உறுமல்தான் கேட்கும். பிறகு பெல்ட். வயிற்றுப் பக்கம் பளபளவென்று கண்ணாடிபோல் தேய்ந்திருக்கிறதா, ரப்பர் கருகிய வாடை அடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆனால் பெல்ட் மட்டும் வழுக்கியிருந்தால் மோட்டார் சுற்றும் சத்தம் கேட்டிருக்கும். உங்கள் மெஷினில் மோட்டாரே சுற்றவில்லை. பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் பெரிய புல்லியையும் மோட்டாரின் சிறிய புல்லியையும் தனித்தனியாகக் கையால் சுற்றிப் பார்த்தால், இறுக்கம் மேலே கியர் பாக்ஸிலா, கீழே மோட்டாரிலா என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். மோட்டார் தண்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்கவும் சொல்லுங்கள். அது ஆடினால் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து, உள்ளே சுற்றும் ரோட்டர் போய் அசையாமல் நிற்கும் ஸ்டேட்டரில் உரசுகிறது என்று பொருள். அதற்கும் காயிலுக்கும் சம்பந்தமில்லை.

அடுத்து கண்டென்சர். இரட்டைத் தொட்டி மெஷின்கள் பலவற்றில் துவைப்பதற்கும் பிழிவதற்குமான இரண்டு கண்டென்சர்களையும் ஒரே பெட்டிக்குள் வைத்திருப்பார்கள். மேலே 10+5 என்றோ 12+5 என்றோ மைக்ரோ ஃபாரட் கணக்கு அச்சிட்டிருக்கும், கூடவே 440 வோல்ட் என்றும் இருக்கும். பெரிய எண் துவைக்கும் மோட்டாருக்கு, சிறியது பிழியும் மோட்டாருக்கு. இங்கேதான் பல மெக்கானிக்குகள் சறுக்குகிறார்கள். "பிழியும் பக்கம் ஓடுகிறதே, அப்படியானால் கண்டென்சர் நன்றாகத்தான் இருக்கிறது" என்பார்கள். பெட்டி ஒன்றானாலும் உள்ளே இருப்பவை இரண்டு. ஒரு பாதி செத்து மறுபாதி ஓடுவது சாதாரணம். மீட்டரில் அளந்து காட்டச் சொல்லுங்கள். 10 என்று எழுதியிருப்பது 9க்கு மேல் காட்டினால் சரி. 5, 6 என்று காட்டினால் அதுதான் குற்றவாளி. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சருக்குள் மின்சாரம் தங்கியிருக்கும். தொடுவதற்கு முன் ஒரு பல்பை அதன் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே வைத்து இறக்கிவிட வேண்டும். ஸ்க்ரூ டிரைவரை வைத்துப் 'பட்'டென்று வெடிக்கவிடுவது வீரமில்லை.

புதிது போட்டால் அதே எண்ணில் போட வேண்டும். "கொஞ்சம் பெரிதாகப் போட்டால் இழுவை கூடும்" என்று சொல்பவர்கள் உண்டு. கூடும்தான், காயில் சூடும் சேர்ந்து கூடும். இந்தப் பெட்டியின் விலை சில நூறு ரூபாயைத் தாண்டாது. உங்கள் 3,500 ரூபாய் வைத்தியம் இத்தோடு முடிந்துவிட வாய்ப்பு அதிகம் என்பது என் கணிப்பு.

கண்டென்சரும் நன்றாக இருக்கிறது, புல்லிகளும் தாராளமாகச் சுற்றுகின்றன என்றால்தான் மோட்டாரின் மீது கை வைக்க வேண்டும். அப்போதும் வாயால் அல்ல, மல்டிமீட்டரால். துவைக்கும் மோட்டாரிலிருந்து மூன்று வயர்கள் வரும். ஒன்று பொது, மற்ற இரண்டும் காயில்களின் முனைகள். எல்லா இணைப்பையும் கழற்றிவிட்டு (கழற்றும் முன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், வயர் நிறங்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்) மூன்று ஜோடிகளையும் ஓம் கணக்கில் அளந்தால் மூன்று எண்கள் கிடைக்கும். இரண்டு எண்கள் சமமாக இருக்க வேண்டும், மூன்றாவது அவற்றின் கூட்டுத்தொகையாக இருக்க வேண்டும். உதாரணமாக 20, 20, 40. ஒன்றாம் வகுப்புக் கணக்குதான். 20, 14, 34 என்று வந்தால் ஒரு காயிலுக்குள் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. ஒரு ஜோடி மட்டும் 20 காட்டி, மற்ற இரண்டிலும் மீட்டர் ஒன்றுமே காட்டாவிட்டால் ஒரு காயில் அறுந்திருக்கிறது. பொது வயரோடு சேர்த்து அளக்கும் இரண்டு ஜோடிகளும் ஒன்றும் காட்டாமல், மற்ற இரண்டு முனைகளுக்கு இடையே மட்டும் 40 காட்டினால், காயிலோடு சேர்த்துக் கட்டியிருக்கும் சூட்டு ஃப்யூஸ் போயிருக்கலாம். சில மோட்டார்களில் அது ஆறியதும் தானாகத் திரும்பிவிடும்; சிலவற்றில் ஒரு முறைதான். அப்படி ஒரு முறை போகும் வகையாக இருந்தாலும், அனுபவமுள்ள காயில் கட்டுபவர் அதை மட்டும் மாற்றித் தருவார். பிழியும் மோட்டாரை இதே கணக்கில் அளக்கக்கூடாது. அது ஒரே பக்கம்தான் சுற்றும், அதன் இரண்டு காயில்களும் இயல்பாகவே வெவ்வேறு அளவில் இருக்கும். இது தெரியாமல் நல்ல பிழியும் மோட்டாரைத் தூக்கிப் போட்டவர்கள் இருக்கிறார்கள்.

அதோடு, காயிலுக்கும் மோட்டாரின் இரும்பு உடம்புக்கும் இடையே மின்கசிவு இருக்கிறதா என்று மெகர் (காப்பை அளக்கும் மீட்டர்) வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டும் மோட்டாரை நான் திரும்பப் பொருத்துவதில்லை. தண்ணீர் பட்டதால் மட்டும் குறைந்திருந்தால், பக்கத்தில் ஒரு குண்டு பல்பை எரியவிட்டு இரண்டு நாள் உலர்த்தினால் ஏறிவிடும். உங்கள் ஈரத்தை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

இப்போது அந்த ஈரத்துக்கு வருவோம். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில் இதேபோல் ஒரு மெஷின். மோட்டார் உண்மையிலேயே கருகியிருந்தது. புதிதாக ஒன்றைப் போட்டுக் காசு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மூன்று வாரத்தில் அழைப்பு. போய்ப் பார்த்தால் புது மோட்டாரும் கருகிக் கிடக்கிறது. மேலே கியர் பாக்ஸ் தண்டில் இருந்த ஆயில் சீல் கிழிந்து, சோப்புத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தண்டு வழியே இறங்கி, பெல்ட்டில் பட்டுத் தெறித்து, நேராக மோட்டாருக்குள் போய்க்கொண்டிருந்தது. பழைய மோட்டாரின் மேல் வெள்ளையாகப் படிந்திருந்த கோட்டை நான் பார்த்தேன், துடைத்துவிட்டேன். அது என்ன கோடு என்று கேட்கத் தோன்றவில்லை. இரண்டாவது மோட்டார் என் காசில் போனது. அன்றிலிருந்து செத்த மோட்டாரைக் கையில் எடுத்தால் முதலில் அதைக் கொன்றது எது என்று பார்க்கிறேன். மாற்றுவதெல்லாம் அதற்குப் பிறகு.

உங்கள் மெஷினிலும் அந்த வெள்ளைக் கோட்டையோ துருக் கோட்டையோ தேடச் சொல்லுங்கள். தொட்டியில் தண்ணீர் நிரப்பி, பிளக்கைச் செருகாமல், ஒரு மணி நேரம் விட்டு, டார்ச் அடித்துக் கீழிருந்து பார்த்தால் சொட்டு எங்கிருந்து விழுகிறது என்பது தெரியும். வடிகுழாயில் விழுந்தால் கவலையில்லை. நடுத்தண்டில் விழுந்தால் சீல் போய்விட்டது. ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் என்றால் சீலின் உதட்டில் உப்புப் படிந்து உப்புத்தாள்போல் தேய்த்துவிடும்; 14 வருடம் தாங்கியதே பெரிது. சீல் மட்டும் தனியாகக் கிடைத்தால் நல்லது. பல மாடல்களில் கியர் பாக்ஸை முழுதாக மாற்றுவதே வழக்கம். இதைச் சரிசெய்யாமல் மோட்டாரையோ கண்டென்சரையோ மட்டும் மாற்றினால் தீபாவளிக்குள் எனக்கு மறுபடியும் கடிதம் எழுதுவீர்கள்.

சரி, அளந்து பார்த்ததில் காயில் உண்மையாகவே போய்விட்டது என்றே வைத்துக்கொள்வோம். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதுபோல் காயில் கட்டுவதா, புதிது போடுவதா? நான் காயில் கட்டிப் பழகியது கோயம்புத்தூரில் ஒரு பம்புப் பட்டறையில். ஆகவே எனக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்வு உண்டு, அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள். இந்தச் சின்ன மோட்டார்கள் பலவற்றில் கம்பெனியிலேயே அலுமினியக் கம்பிதான் சுற்றியிருக்கிறார்கள். மேலே பூசியிருக்கும் வார்னிஷ் செம்பு நிறத்தில் இருப்பதால் பார்த்தால் செம்பு என்றே தோன்றும். முனையில் பிளேடால் லேசாகச் சுரண்டினால் வெள்ளையாகப் பல்லிளிக்கும். அலுமினியம் தானாக மோசம் என்று சொல்ல மாட்டேன். அதன் மின்தடை செம்பைவிட ஏறக்குறைய 1.6 மடங்கு, அதற்கேற்பத் தடித்த கம்பி போட்டால் ஓடும். சங்கடம் இணைப்புகளில். காற்றுப் பட்டதும் அலுமினியத்தின் மேல் ஒரு படலம் வந்துவிடும், ஈயம் பிடிக்காது, நாளாக ஆக இணைப்பு சூடேறும். காயில் கட்டுபவர் அதே சுற்று எண்ணிக்கையில் நல்ல செம்புக் கம்பி போட்டுக் கட்டினால், பழையதைவிட உறுதியான மோட்டார் கைக்கு வரும்.

ஆனால் 'நல்ல' என்ற சொல் அங்கே பெரிய பாரம் சுமக்கிறது. பழைய காயிலைப் பிரிக்கும்போது சுற்றுகளை எண்ணி, கம்பியின் கனத்தை மைக்ரோமீட்டரில் அளந்து குறித்துக்கொள்கிறாரா என்று கேளுங்கள். குத்துமதிப்பாகக் கட்டினால் மோட்டார் ஓடும், கூடவே அடுப்பாகவும் இருக்கும். இரண்டாவது, பழைய கம்பியை எடுப்பதற்காக ஸ்டேட்டரைத் தூக்கி நெருப்பில் போடுகிறாரா? இரும்புத் தகடுகளுக்கு இடையே மெல்லிய காப்புப் பூச்சு இருக்கிறது. திறந்த தீயில் அது வெந்துவிட்டால் பிறகு எவ்வளவு நல்ல கம்பி கட்டினாலும் இரும்பே சூடேறும். மூன்றாவது, வார்னிஷில் முக்கி அடுப்பில் உலர்த்தித் தருகிறாரா, தூரிகையால் மேலாகத் தடவித் தருகிறாரா? வாஷிங் மெஷினுக்குள் ஈரம் இருந்துகொண்டே இருக்கும்; தடவியது போதாது. இந்த மூன்றுக்கும் தயங்காமல் பதில் சொல்பவர் கிடைத்து, அவர் கேட்கும் கூலி புது மோட்டாரின் விலையில் பாதியைத் தாண்டாமல் இருந்தால் கட்டலாம். இல்லையென்றால் புதிது போட்டுவிடுங்கள்.

புதிது போடும்போது "வாஷ் மோட்டார் ஒன்று கொடுங்கள்" என்று கேட்டு வாங்கி வரக்கூடாது. பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டு போக வேண்டும். தண்டின் தடிமன், கால்களின் ஓட்டைகளுக்கு இடையே உள்ள தூரம், மொத்த உயரம், பெயர்த்தகட்டில் உள்ள கண்டென்சர் எண் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். தண்டு அரை மில்லிமீட்டர் குறைந்தாலும் தகடு சுற்றிப் புல்லியை ஏற்றிவிடுவார்கள்; ஆறு மாதத்தில் அது கடகடவென்று ஆடும். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இந்த நான்கு துருவ மோட்டார்களுக்கு உச்ச வேகம் நிமிடத்துக்கு 1,500 சுற்று. நிஜத்தில் 1,400க்குச் சற்று முன்பின்னாக ஓடும். பிழியும் மோட்டார் கூடையோடு நேராக இணைந்திருப்பதால் விளம்பரத்திலும் அந்த எண்ணையே போடுவார்கள். துவைக்கும் பக்கம் புல்லிகள் அந்த வேகத்தைப் பல மடங்கு குறைத்துத்தான் தட்டுக்குக் கொடுக்கின்றன. ஆகவே புதிய மோட்டாரோடு வேறு அளவுப் புல்லி வந்தால் மாட்டக்கூடாது, பழைய புல்லியையே கழற்றி ஏற்ற வேண்டும். மோட்டாரின் கால்களுக்கு அடியில் இருக்கும் ரப்பர் புஷ்களையும் அப்போதே புதிதாக்கிவிடுங்கள். பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உள்வாங்க வேண்டும். வீணைத் தந்திபோல் முறுக்கி வைத்தால் மோட்டாரின் புஷ் தேய்ந்துவிடும்.

ஜமக்காளத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. ஈரோட்டில், பவானிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஜமக்காளத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான். இருந்தாலும் சொல்கிறேன். மெஷினில் எழுதியிருக்கும் 6.5 கிலோ காய்ந்த துணியின் கணக்கு. அதுவும் சட்டை, புடவை போன்று தண்ணீரில் தாராளமாகப் புரளும் துணியின் கணக்கு. கெட்டியான பருத்தி ஜமக்காளம் தண்ணீரைக் குடித்து ஒரே பாளமாகத் தட்டின்மேல் உட்கார்ந்துகொள்ளும். தட்டு திரும்பப் பார்க்கும், முடியாது, மோட்டார் உறுமும். அந்த நேரத்தில் மின்னழுத்தமும் குறைந்திருந்தால் கதை முடிந்தது. இந்த மோட்டார்களின் இழுவிசை மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட்டுக்குப் பதில் 180 வந்தால், வோல்ட் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் குறைந்திருக்கிறது, ஆனால் இழுவிசை 61 சதவீதமாகிவிடும். விசேஷ வீட்டில் எல்லா அறையிலும் ஏ.சி. ஓட, மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் மெஷினைச் செருகி, இரண்டு ஜமக்காளத்தைப் போட்டீர்களா என்று கேட்க மாட்டேன். உங்கள் மெஷினுக்குத் தெரியும்.

எர்த் பற்றியும் பார்த்துவிடுங்கள். பிளக்கில் மூன்றாவது முள் இருக்கிறதா, அது போகும் சாக்கெட்டில் உண்மையிலேயே எர்த் வருகிறதா என்று எலெக்ட்ரீஷியனைக் கொண்டு சோதியுங்கள். அடியில் தண்ணீர் கசியும் மெஷினில் இது விளையாட்டு இல்லை. ஈரக் கையால் தொடும்போது சுருசுருவென்று இருந்தால், எவ்வளவு நன்றாக ஓடினாலும் அன்றே நிறுத்திவிட வேண்டும். மெயின் பலகையில் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால், இந்த முறை மிச்சமாகும் பணத்தில் அதை முதலில் மாட்டுங்கள்.

உங்கள் மகன் சொன்னதையும் நான் தள்ளவில்லை. தொட்டியில் விரிசல், அடித்தளம் துருப்பிடித்து இற்றுப்போயிருப்பது, கியர் பாக்ஸ், மோட்டார் இரண்டும் ஒன்றாகப் போவது, இவற்றில் ஏதாவது இருந்தால் நானே எக்ஸ்சேஞ்சுக்குக் கையெழுத்துப் போடுவேன். இல்லையென்றால், எலெக்ட்ரானிக் போர்டு எதுவும் இல்லாத, இரண்டு மோட்டாரும் இரண்டு டைமரும் மட்டும் உள்ள இந்தப் பழைய மெஷின்தான் எந்த ஊரிலும் சரிசெய்யக்கூடியது. எக்ஸ்சேஞ்சில் கழிக்கும் தொகையைப் பார்த்து மயங்க வேண்டாம். பழையது எதுவும் கொடுக்காமல் வாங்கினால் என்ன விலை என்று அதே கடையில் இன்னொருவரைக் கேட்கச் சொல்லுங்கள், வித்தியாசம் தெரிந்துவிடும். என் கணக்கு ஒன்று உண்டு: மொத்தப் பழுதுச் செலவு அதே மாதிரிப் புது மெஷினின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் சரிசெய்வது, தாண்டினால் யோசிப்பது. கொடுத்துவிடுவதாக இருந்தால் மின்கழிவு எடுக்கும் பதிவுபெற்ற இடத்தில் கொடுங்கள். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் மின்கழிவு விதிகளில் வாஷிங் மெஷினும் அடக்கம்.

மகள் வீட்டு மெஷின் வேறு சாதி. முன்கதவு மெஷின்கள் பலவற்றில் கண்டென்சர் மோட்டார் கிடையாது. மிக்ஸியில் இருப்பதுபோல் கம்யூடேட்டர் (தண்டோடு சுற்றும் செம்புப் பட்டை வளையம்) வைத்த மோட்டார். அதில் சுற்றும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்க இரண்டு கார்பன் கட்டைகள் உரசிக்கொண்டே இருக்கும். பென்சில் போல அவை தேயத்தான் செய்யும். தேய்ந்து குட்டையானதும் மோட்டார் சில நேரம் ஓடும், சில நேரம் ஓடாது, துணி அதிகமானால் நின்றுவிடும், உள்ளே பொறி பறக்கும். அந்த மெக்கானிக் சொல்வது நம்பக்கூடியதே. இரண்டு கட்டைகளையும் ஒன்றாக மாற்ற வேண்டும், கம்யூடேட்டரைத் துடைத்துப் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். செலவு மோட்டார் மாற்றுவதில் ஒரு சிறு பங்கு. ஆனால் அவள் மெஷின் 'இன்வெர்ட்டர்' வகை என்றால் அதில் கார்பனே இருக்காது. அந்த மெஷினுக்குக் கார்பன் மாற்றுகிறேன் என்று யாராவது பணம் கேட்டால், கழற்றிய கார்பனைக் காட்டச் சொல்லட்டும்.

நீங்களும் கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மோட்டாரை மாற்றியே ஆக வேண்டும் என்று மறுபடியும் யாராவது சொன்னால், அந்த மூன்று ஓம் எண்களையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லி எனக்கு அனுப்புங்கள். சொட்டு எங்கிருந்து விழுகிறது என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். அதுவரை துவைக்கும் பக்கம் டைமரைத் தொட வேண்டாம். பிழிவதற்கு வேண்டுமானால், எர்த்தைச் சரிபார்த்து, மெஷினுக்கு அடியில் துடைத்த பிறகு பயன்படுத்தலாம்.

அன்புடன்,
உங்கள் மெக்கானிக்